ஓடைத் தண்ணியில தானா அடிச்ச ஆரன்

தம்பிங்களா, ஆட்டோ எலக்ட்ரீசியன் வேலைக்குப் புதுசா வந்திருக்கற உங்களுக்கு, வண்டி வயரிங்குல தண்ணி பூராம எப்பிடிக் காப்பாத்தறதுன்னு நான் பேசணுமாம். சங்கத்துல சொல்லி அனுப்பிச்சாங்க. எந்த கப்ளருக்கு எந்த ரப்பரு, எந்த வயருக்கு எந்த ஸ்லீவுன்றதெல்லாம் உங்க போன்லயே வீடியோவா ஓடிக்கினு இருக்குது. அத நானும் ஒரு தபா சொல்லி இன்னாத்துக்கு டீய ஆற வக்கணும்? கள்ளக்குறிச்சியில முப்பத்தெட்டு வருஷம் கடை வச்சிருந்தேன். இப்ப சாவிய மருமவன் கையில குடுத்துட்டு சும்மா உக்காந்திருக்கறேன். நான் சொல்லப்போறது ஒரே ஒரு ஜீப்பு விஷயம். அதுல தப்பு பண்ணவன் நான்தான். அடுத்தவன் தப்புன்னா சிரிச்சிகினே சொல்லியிருப்பேன், இது என்னோடதுன்றதால கொஞ்சம் மெதுவாதான் வரும்.

மொதல்ல என் வாயப் பத்திச் சொல்லிடறேன். எனக்குக் கை சுத்தம், வாய் சுத்தமில்ல. கடையில மேஜை மேல ஒரு பிஸ்கட் டின்னு மூடிய தட்டு மாதிரி வச்சிருந்தேன். வண்டிங்கள்ல இருந்து நான் புடுங்கின கண்றாவியெல்லாம் அந்தத் தட்டுலதான் இருக்கும். பியூஸுக்குப் பதிலா சுத்தின சிகரெட் பாக்கெட்டு ஜிகினாத்தாளு, வயரு அறுந்த எடத்துல ஒட்டியிருந்த காயத்துப் பிளாஸ்திரி, சுவிங்கத்த மென்னு அடைச்ச கப்ளரு. ஒவ்வொண்ணும் எந்த ஊரு ஆளு பண்ணதுன்னு கதை சொல்லுவேன். டீ குடிக்க வர்றவன்லாம் அதப் பாத்து சிரிச்சிட்டுத்தான் போவான்.

நைனார்பாளையத்து டிராக்டர்காரர் ஒருத்தரு, ஹெட்லைட்டுக்குள்ள தண்ணி பூருதேன்னு அரிசி மாவுல களி கிண்டி சுத்தியும் அப்பி வச்சிருந்தாரு. எலி வந்து மாவத் தின்னுச்சி, ருசி புடிச்சிப் போயி வயரையும் சேத்துத் தின்னுச்சி. அவருக்கு நான் 'மாவு டிராக்டரு'ன்னு பேரு வச்சேன். அது மூங்கில்துறைப்பட்டு ஆலையில கரும்பு எறக்க நிக்கற வரிசை வரைக்கும் பரவிடுச்சி. மனுஷன் அப்பால என் கடைப்பக்கமே தலை வச்சிப் படுக்கல. நான் அதப்பத்தி ஒரு நாளும் கவலப்படல. பேரு நல்லா அமைஞ்சிதேன்னு சந்தோஷமாதான் இருந்தேன்.

இப்பிடி இருக்கச்சொல்லதான் வெள்ளையன் வந்தான். வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு சின்ன ஊரு அவனுக்கு. அந்த ஊருக்குப் பஸ் கெடையாது. நடுவுல ஒரு ஓட, அதுக்குப் பாலமும் கெடையாது, தண்ணிக்குள்ள எறங்கித்தான் ஏறணும். சாம அரிசி மூட்ட, ஆடு, கோழி, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, ரேஷன் வாங்கப் போறவங்க எல்லாம் அவனோட பழைய டீசல் ஜீப்புலதான். அதிர்ந்து பேச மாட்டான். கடைக்கு வந்தா ஜீப்பத் தள்ளி நிறுத்திட்டு, அஞ்சு நிமிஷம் பேனட்டு கிட்ட இன்னாவோ பண்ணிட்டு, அப்பாலதான் உள்ள வருவான். அப்ப நான் அதக் கண்டுக்கல.

"மேஸ்திரி, ஓடையில எறங்கினா ஆரன் தானா அடிக்குது"ன்னான்.

இதுல பெரிய வித்தையெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்த ஜீப்புல ஆரன் பட்டன அமுக்கினா ஒரு வயரு பாடியத் தொடும், எர்த்து கெடச்சதும் ஆரன் அடிக்கும். அந்த வயரு வழியில எங்கியாச்சும் ஈரத்துல எர்த்து ஆச்சின்னா, யாரும் அமுக்கவே வாணாம். பேனட்டத் தொறந்தேன். இன்ஜினுக்குப் பின்னாடி தகட்டுல வயருங்க ஒண்ணு சேர்ற எடத்துல ஒரு கப்ளரு. கழட்டினா உள்ள பச்சப் பசேல்னு களிம்பு. தொடச்சேன், டேப்பு சுத்தினேன், போடான்னு அனுப்பிட்டேன்.

பதினஞ்சு நாள்ல திரும்ப வந்தான். அதே கப்ளரு, அதே களிம்பு. இந்த தபா களிம்பு மேல வெள்ளையா வேற பூத்திருந்துச்சி. வெரல்ல தொட்டு நாக்குல வச்சிப் பாத்தேன். நீங்க அப்பிடி வக்காதீங்க, பேட்டரி ஆசிட்டும் அந்தப் பக்கம்தான் இருக்கும், எனக்கு அப்ப புத்தி கம்மி. சாட்சாத் சமையல் உப்பு. கல்வராயன் மலையில கடலு எங்கருந்துடா வந்துச்சின்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல.

"இன்னாடா வெள்ளையா, ஜீப்புல கருவாடு ஏத்தறியா?"ன்னு கேட்டேன்.

அவன் என்னையப் பாத்தான். மேஜை மேல இருந்த தட்டப் பாத்தான். திரும்ப என்னையப் பாத்தான். "ஆமா மேஸ்திரி, கருவாடுதான். சங்கராபுரம் சந்தையில ஏத்தறது"ன்னான்.

கேள்வி கேக்கச்சொல்லவே பதிலையும் கையில குடுத்தா, வாங்கிக்காதவன் எவன் இருக்கான்? நீங்க யாரும் இந்த வேலைய மட்டும் பண்ணாதீங்க. நான் கண்டுபுடிச்சிட்டேன்ற பெருமையில, அங்க நின்னுகினு இருந்த ஆளுங்க கிட்ட 'கருவாட்டு ஜீப்பு'ன்னு பேரும் வச்சிட்டேன். அவன் தலையக் குனிஞ்சிகினு நின்னான்.

அப்பால நான் பண்ணது அதவிட மோசம். ஓடத் தண்ணி கீழ இருந்துதானே அடிக்குது, கீழ அடைச்சா தீந்துதுன்னு நெனச்சேன். பாத்ரூம் டைல்ஸுக்கு வக்கற சிலிக்கான் ஒண்ணு கடையில கெடந்துச்சி, மூக்குல ஏறுற மாதிரி புளிச்ச வாசன வரும். அத எடுத்து கப்ளருக்கு அடியிலயும் சுத்தியும் கொழகொழன்னு வச்சி அடைச்சேன். அந்தப் புளிச்ச வாசன வர்ற சிலிக்கான் செம்பையே அரிக்கும்னு எனக்கு அன்னிக்குத் தெரியாது. மேல வயரு எறங்கற பக்கத்த மட்டும் அடைக்கல. மேல இருந்து எவன் தண்ணி ஊத்தப் போறான்? "இனிமே இது தானா அடிச்சா நான் கடைய மூடிட்டு மாடு மேய்க்கப் போறேன்"னு சொல்லி அனுப்பினேன்.

மாடு மேய்க்கற வேலை சீக்கிரமே வந்துச்சி. ஒரு மாசம் கழிச்சி வெள்ளையன் ஜீப்பு இல்லாம, பஸ் ஏறி வந்தான். மொகம் செத்துப் போயிருந்துச்சி. உக்கார வச்சித் தண்ணி குடுத்தப்பறம்தான் விஷயத்தச் சொன்னான். அவனுக்கு முப்பத்தி மூணு வயசு. பொண்ணு அமையல. போன தபா ஒரு எடத்துல இருந்து மாப்ள வூடு பாக்க வந்தாங்களாம், இவன் ஜீப்புலதான் கூட்டிகினு வந்திருக்கான். ஓடையில ஆரன் தானா அடிச்சிருக்குது. அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு, யோசிச்சி சொல்றோம்னு போனவங்கதான், இன்னும் யோசிச்சிகினே இருக்காங்க. இப்ப இன்னொரு எடம். பொண்ணு பேரு மல்லிகா. பொண்ணுக்கும் இவனுக்கும் புடிச்சிப் போச்சி. நாளான்னைக்கு அவங்க வூட்டுல ஏழு பேரு வராங்க. முடிவு சொல்ல வேண்டியது பொண்ணோட தாய்மாமன். அவரு மாப்ள வூட்டுல கை நனைச்சிட்டார்னா, அதாவது ஒக்காந்து சாப்ட்டுட்டார்னா, கல்யாணம் முடிவு. தண்ணி கூட குடிக்காம எழுந்துட்டார்னா அதுவும் முடிவுதான்.

"ஆரன் திரும்பவும் அடிக்குது மேஸ்திரி"ன்னான்.

அன்னிக்கு ஒரு நாளைக்கு ஆரன் வயரப் புடுங்கி வுட்டுட்டுப் போடான்னேன். முடியாதுன்னுட்டான். அந்தத் தாய்மாமன் ரொம்ப வருஷம் மலையில டெம்போ ஓட்டினவராம். ஒவ்வொரு வளைவுலயும் ஆரன் அடிக்கலன்னா, இவன் நம்ம பொண்ண வச்சி குடும்பத்த எப்பிடி ஓட்டுவான்னு கேக்கற ஆளு. ஆரன் அடிக்கவும் அடிக்கணும், தானா அடிக்கவும் கூடாது. சரி, நானே கூட வரேன்னேன். தூரத்துச் சொந்தம்னு சொல்லி முன்சீட்டுல உக்கார வச்சிக்கன்னேன்.

அன்னிக்குக் காலையில வெள்ள சட்ட போட்டுகினு கச்சிராயபாளையம் வழியா பஸ்ஸு புடிச்சி வெள்ளிமலையில எறங்கினேன். தூறல் போட்டுகினே இருந்துச்சி. ஜீப்புல ஏற்கெனவே ஏழு பேரு உக்காந்திருந்தாங்க. பேனட்ட ஒரு தபா தொறந்து பாத்துடறேன்டான்னேன். வெள்ளையன் தொறக்கவே வுடல. நல்ல நேரம் முடியப்போவுது, ஏறுங்க ஏறுங்கன்னு என்னையத் தள்ளாத கொறையா ஏத்திட்டான். தாய்மாமன் எனக்குப் பின்னாடி உக்காந்திருந்தாரு. பெரிய மீச. வளைவுக்கு வளைவு "ஆரன் அடி"ம்பாரு, இவன் அடிப்பான். "உம்"ம்பாரு. ஓட வர்ற வரைக்கும் அவருக்கு இவன் மேல ஒரு கொறையும் இல்ல.

ஓடையில முட்டிக்கு மேல தண்ணி. ஜீப்பு எறங்குச்சி, தண்ணி வாரி முன்னாடி அடிச்சிது. பாதி ஓடையில ஆரன் ஆரம்பிச்சிது. ஒரே மூச்சு, நிறுத்தவே இல்ல. மரத்துல இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்துச்சி. வெள்ளையன் ஸ்டீயரிங்குல குத்தறான், பட்டன நோண்டறான், அது பாட்டுக்கு ஊளையிடுது. எப்பிடியோ அக்கரையில ஏத்திட்டான். தாய்மாமன் நிறுத்தச் சொன்னாரு. எல்லாரும் எறங்கினாங்க. பொண்ணோட சித்தி காத ரெண்டு கையாலயும் பொத்திகினு நின்னாங்க.

அவரு கோவப்படல, அதான் பயமா இருந்துச்சி. மெதுவா சொன்னாரு. "தண்ணி தாண்டச்சொல்ல வண்டி தானா அழுவுது. இதுக்கு மேல நாங்க வரல. திரும்ப அந்தாண்ட வுட்டுடு."

நான் ஓடிப்போயி பேனட்டத் தூக்கினேன். வெள்ளையன் பின்னாடியே வந்து என் கையப் புடிச்சான். "வாணாம் மேஸ்திரி"ன்னான். ஆரன் சத்தத்துல அவன் வாய் அசையறதுதான் தெரிஞ்சிது. நான் தூக்கிட்டேன்.

அந்த கப்ளருக்கு நேர் மேல, வயருக் கட்டுல, கருப்புத்துணியில முடிஞ்ச ஒரு மூட்ட தொங்குச்சி. அவரக்கொட்ட சைஸுன்னு நெனச்சிடாதீங்க, ஒரு தேங்கா சைஸு. திருஷ்டி மூட்ட. கல்லுப்பு, படிகாரம், மொளகா. ஓடத் தண்ணி அது மேல அடிச்சி, உப்பு கரைஞ்சி, வயரு வழியா சொட்டுச் சொட்டா கப்ளருக்குள்ள எறங்கிகினு இருக்குது. கீழ நான் சிலிக்கான் வச்சி கிண்ணம் மாதிரி அடைச்சி வச்சிருக்கறேன். ஒரு சொட்டு வெளிய போவ வழியில்ல. வெறும் தண்ணின்னா கூட அவ்ளோ கரண்ட் பாயாது, உப்புத்தண்ணின்னா கேக்கவே வாணாம். கடலு எங்கருந்து வந்துச்சின்னு கேட்டேனே, இங்க இருந்துதான். அப்பால வெள்ளையன் சொல்லித்தான் தெரிஞ்சிது, ஆரன் அடிக்கற ஒவ்வொரு தபாவும், கண்ணு பட்டுடுச்சின்னு அவங்க அம்மா உப்ப ஜாஸ்தி பண்ணி பெருசா கட்டியிருக்காங்க. இவன் என் கடைக்கு வரச்சொல்லல்லாம் அத அவுத்து ஒளிச்சி வச்சிட்டு, போவச்சொல்ல திரும்பக் கட்டிகினு போயிருக்கான்.

ஆரன் வயரப் புடுங்கினேன். சத்தம் நின்னுச்சி. தூக்கின பேனட்டு எங்க ரெண்டு பேரையும் மறைச்சிகினு இருந்துச்சி. அந்தாண்ட நிக்கறவங்களுக்கு எங்க காலுதான் தெரியும்.

உண்மையச் சொல்றேன். எனக்கு மொதல்ல வந்தது சிரிப்புதான். அத்தன வருஷத்துல இப்பிடி ஒரு சரக்கு என் கையில சிக்கினதே இல்ல. அத அப்பிடியே தூக்கிக் காட்டினா, ஆரன் ஏன் அடிச்சிதுன்னு எல்லாருக்கும் வெளங்கிடும், என் பேரும் தப்பிச்சிடும். வாயத் தொறந்துட்டேன். அப்ப வெள்ளையன் ரகசியமா சொன்னான்.

"எங்கம்மா கட்டினது மேஸ்திரி. தட்டுல வக்காதீங்க."

அவன் கல்யாணம் நிக்கப்போவுதேன்னு சொல்லல. தட்டுல வக்காதீங்கன்னான். தம்பிங்களா, எனக்கு அப்பிடியே கூசிப் போச்சி. உப்பு எங்கருந்து வருதுன்னு மொத நாளே அவன் சொல்லியிருப்பான். என்னையப் பாத்து பயந்துதான் சொல்லல. அந்தம்மா உப்பக் கட்டினாங்க, சரி. அவன் அத எங்கிட்ட ஒளிச்சது என் வாயாலதானே?

தாய்மாமன் காலு எங்க பக்கம் நடந்து வர்றது தெரிஞ்சிது. அந்த ஆளு கையில இந்த மூட்ட கெடச்சா இன்னா ஆவும்? 'அப்ப இந்த வண்டியில கோளாறுன்னு உங்களுக்கே தெரியும், தெரிஞ்சேதான் எங்கள ஏத்தினீங்க'ம்பாரு. மூட்டைய அறுத்தேன். வைக்க எடமில்ல. சட்டைக்குள்ள போட்டுகினேன். பனி மாதிரி ஜில்லுன்னு வயித்துல ஒட்டிகினுச்சி.

அவரு வந்து நின்னதும் நானே ஆரம்பிச்சேன். "ஐயா, வண்டி அழுவல. தப்பு எம்மேல. இந்த வயரிங்கு வேல பண்ணவன் நான்தான்."

"நீ சொந்தக்காரன்னு இல்ல சொன்னான்?"

"எலக்ட்ரீசியனுங்க. தப்பு பண்ணிட்டு, மாட்டிக்கப் போறோமேன்னு கூட வந்த எலக்ட்ரீசியன்."

மீச லேசா அசைஞ்சிது. கத்திய எடுத்து கப்ளருக்கு அடியில சிலிக்கானக் கீறினேன். அவரு கண்ணு முன்னாடியே கலங்கலா தண்ணி கொட்டுச்சி. மேல இருந்து வந்த தண்ணி வெளிய போவ முடியாம நான் அடைச்சதுங்க, அதான் ஆரன் கத்துச்சின்னேன். அவ்ளோதான் சொன்னேன். மேல இருந்து இன்னா தண்ணின்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.

அவரு சுலுவுல நம்பற ஆளில்ல. இப்ப நீ சரி பண்ணிட்டன்னு நான் எப்பிடி நம்பறதுன்னாரு. ஒரு பத்து நிமிஷம் குடுங்கன்னேன். ஓடத் தண்ணியில கப்ளர அலசினேன், துண்டால தொடச்சேன், வாயால ஊதினேன், களிம்ப ஊசியால சொரண்டினேன். கிரீஸு இல்ல. பொண்ணோட சித்தி கிட்ட கால் வெடிப்புக்குத் தடவற வாஸ்லின் டப்பா இருந்துச்சி, வாங்கி உள்ள அப்பினேன். வயர ரவ நீளம் எடுத்து, கப்ளருக்கு முன்னாடி கீழ தொங்கற மாதிரி ஒரு வளைவு வுட்டேன். தண்ணி வயரு வழியா வந்தாலும் அந்த வளைவுலயே சொட்டிடும், கப்ளருக்குள்ள ஏறாது. அடியில ஒண்ணும் அடைக்கல. வர்ற தண்ணி போவட்டும்னு வுட்டுட்டேன். புடுங்கின ஆரன் வயரத் திரும்ப மாட்டிட்டு, ஜீப்புல இருந்த பிளாஸ்டிக் கொடத்த அவரு கையில குடுத்தேன். நீங்களே ஊத்துங்கன்னேன்.

மனுஷன் ஊத்தினாரு. ஒரு கொடம், ரெண்டு கொடம், மூணு கொடம். ஆரன் அடிக்கல. பட்டன அமுக்கிப் பாத்தாரு, அடிச்சிது. வுட்டாரு, நின்னுச்சி. திரும்ப ஊத்தினாரு. அவருக்கு அது புடிச்சிப் போச்சி, நாலாவது கொடத்துக்கு ஓடைக்கு அவரே நடந்து போனாரு. திரும்பி வந்தவரு என் சட்டைய உத்துப் பாத்தாரு. கருப்புத்துணி சாயம் போயி, வயித்துல இருந்து பேண்ட்டு வரைக்கும் கருப்பா ஒழுவிகினு இருந்துச்சி.

"இன்னா இது?"

"பேனா ஒழுவுதுங்க"ன்னேன்.

வயித்துல எவனாச்சும் பேனா வச்சிருப்பானா? அவரு ரொம்ப நேரம் அந்தக் கறையையே பாத்தாரு. கொடத்துல மிச்சமிருந்த தண்ணியக் கீழ ஊத்தினாரு.

"பசிக்குது. வண்டிய எடு"ன்னாரு.

வெள்ளையன் ஜீப்புல ஏறச்சொல்ல கண்ணத் தொடச்சிகினான். நானும்தான், மழையில யாருக்குத் தெரியப்போவுது.

அவங்க வூட்டுல சாமச் சோறும் நாட்டுக்கோழிக் கொழம்பும். தாய்மாமன் மொத ஆளா எலையில உக்காந்து கை நனைச்சாரு. பரிமாறிகினே வந்த வெள்ளையனோட அம்மா என் முன்னாடி வந்ததும் அப்பிடியே நின்னுட்டாங்க. என் சட்டைக் கறையப் பாத்தாங்க. மொகத்தப் பாத்தாங்க. கோழிக்காலு ரெண்டையும் என் எலையிலயே வச்சிட்டுப் போயிட்டாங்க. தாய்மாமனுக்குக் கழுத்துதான் கெடச்சிது.

எல்லாரையும் அனுப்பிட்டு, அந்தம்மா பின்பக்கம் கூப்ட்டு கைய நீட்டினாங்க. மூட்டைய எடுத்துக் குடுத்தேன். பழைய ஆளா இருந்திருந்தா ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். "பேனட்டுக்குள்ள வாணாம்மா. ஜீப்புக்குப் பின்னாடி கொக்கி இருக்குது, அதுல கட்டுங்க. வண்டியப் பின்னாடி இருந்து பாத்துப் பொருமற கண்ணுதான் ஜாஸ்தி"ன்னேன். அங்க சொட்டற உப்பு மண்ணுலதான் விழும். அவங்களுக்கும் அது சரின்னு பட்டுச்சி.

கடைக்கு வந்து தட்டக் காலி பண்ணேன். கீறி எடுத்த சிலிக்கான் கட்டிய மட்டும் நடுவுல வச்சேன். இது எவன் பண்ணதுன்னு கேட்டவங்க கிட்டல்லாம் 'நான் பண்ணது'ன்னேன். மொதல்ல நம்பல. அப்பால வண்டிய நிறுத்தின ஒடனே அவங்களாவே சொல்ல ஆரம்பிச்சாங்க. பியூஸு எடத்துல ஊக்கு போட்டேன் மேஸ்திரி, பம்பு வச்சி இன்ஜின நானே கழுவிட்டேன் மேஸ்திரின்னு. பாதி வேல அங்கியே முடிஞ்சிடும். மாவு டிராக்டர்காரர் வூட்டுக்கு நானே போயி மன்னிப்பு கேட்டேன். அவரு டீ குடுத்தாரு, டிராக்டரக் குடுக்கல.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சி. அடுத்த மழைக்காலம் முடிஞ்சி ஒரு நாளு வெள்ளையன், மல்லிகா, அந்தம்மா மூணு பேரும் ஜீப்புல கடைக்கு வந்தாங்க. பின்னாடி கொக்கியில மூட்ட புதுசா தொங்கிகினு இருந்துச்சி. ஆரன் தானா அடிக்குதாம்மான்னு கேட்டேன்.

"ஒரு நாளும் அடிக்கல"ன்னாங்க. "முன்னாடி கட்டினப்ப அது சரியா வேல செய்யல. நீ சொன்ன எடத்துல கட்டினப்பறம்தான் வேல செய்யுது."

கப்ளரு, வாஸ்லினு, வயரு வளைவு எல்லாம் என் தொண்ட வரைக்கும் வந்துச்சி. வெள்ளையன் என்னையே பாத்துகினு நின்னான்.

"ஆமாம்மா, எடந்தான் முக்கியம்"னேன்.